டன்வில் கிளப்பில் களவு போன கொடிகள்

ஒன்பது குழி உள்ள கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது கொடிதான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை தேவையில்லை, ஆட்டோ ஓட்டுகிற மூளையே போதும். கஜீபன் மேட்டில் ஏறி நின்று விரல் விட்டு எண்ணினான். ஒன்பதும் இருந்தன. ஒவ்வொன்றும் சிவப்புத் துணி, ஒவ்வொன்றும் தன் தன் கம்பில்.

"அக்கா, களவு போன கொடியெல்லாம் இங்கதான் நிக்குது. கேஸ் முடிஞ்சுது. போற வழியில ரத்தோட்டையில ஒரு பிளேன்டீ போட்டுட்டுப் போவோமா?"

"களவு போனது சிவப்பு இல்ல தம்பி, வெள்ளை. பேசாம வா."

துஷாந்தினி அதிகம் பேசமாட்டாள். காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பல வருடம் இருந்து, "வண்டி தானாத்தான் எரிஞ்சுது மிஸ்" என்று வந்து நிற்பவர்களின் முகத்தைப் படித்துப் படித்துத் தேறியவள். பிறகு மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடையின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஒஃபீஸ் திறந்தாள். கீழே ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற கஜீபன் முதல் கேஸுக்கு வாடகைக்குப் போனான். அன்று பிடித்தவன் இன்னும் விடவில்லை. தன்னை உதவியாளர் என்று அவனே சொல்லிக்கொண்டான். அவள் மறுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிளப் விராந்தையில் தலைவர் நிஸ்தார் ஹாஜியார் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செக்ரட்டரி தர்சன், இஸ்திரி கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு நின்றான். ஆள் வாட்டசாட்டம். பேச்சும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"புதுக் கொடி மெடம். வெள்ளைக் கொடி. அடுத்த மாசம் நடக்கிற போட்டிக்காக கொழும்புலேருந்து எடுப்பிச்சோம். ஸ்டோர் ரூம்ல கட்டா வச்சிருந்தோம், கட்டைப் பிரிக்கக்கூட இல்ல. போன சனிக்கிழமை பாலாமணி அந்தக் கட்டை கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போறத வாட்ச்சர் தன் கண்ணால பார்த்திருக்கான்."

பாலாமணி யார் என்று ஹாஜியார் சொன்னார். டன்வில் தேயிலைத் தோட்டத்தில் பென்ஷன் ஆன பொம்பிளை. கொழுந்து எடுக்கும் காலத்தில் ஒரு மலையின் பெண்கள் அத்தனை பேரையும் தன் குரலாலேயே கட்டி மேய்த்தவள். துரைமார் போன பிறகு கிளப்பில் ஆளும் குறைந்து, தோட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லாமல் போனபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களையும் டவுன் பென்ஷன்காரர் சிலரையும் கூட்டிக்கொண்டு அவள்தான் வந்தாள். சனிக்கிழமைதோறும் சிரமதானம். புல் வெட்டுவது, தண்ணீர் ஓடும் கான் சுத்தம் பண்ணுவது, பாத்தி கட்டுவது எல்லாம் அவர்கள் பாடு. பதிலுக்கு, பின்னேரத்தில் அவர்கள் அங்கே காலாற நடக்கலாம், பூ முழுவதும் லயத்து மாரியம்மனுக்கு. இப்படித்தான் இத்தனை வருடமும் மைதானம் உயிரோடு இருந்தது.

"களவு மட்டுமா மெடம்? சோம்பேறித்தனம் வேற," என்றான் தர்சன். "ரெண்டு கிழமையா ஆறாம் குழிப் பக்கம் மெஷினே ஓடல. போய்ப் பாருங்க, புல்லு முழங்காலைத் தொடுது. போன சனிக்கிழமை பாதி வேலையில விட்டுட்டு மொத்தக் கூட்டமும் ஆத்துல இறங்கிருச்சு. குளிச்சிக் கூத்தடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்படி ஆளுங்க தேவையா?"

"பாலாமணி என்ன சொல்றாங்க?"

ஹாஜியார் பெருமூச்சு விட்டார். "வாயே தொறக்கிறா இல்ல மகள். 'கள்ளின்னு சொன்ன வாசலை மிதிக்க மாட்டேன்'னு செல்லி அனுப்பிட்டா. கிளப் குத்தகையும் இந்த வருசத்தோட முடியுது, ஒரு ஹோட்டல்காரரும் நிலத்தைக் கேட்டுக்கிட்டு ஈக்கிறார். நாலு மணிக்கு கமிட்டிக் கூட்டம் ஈக்கி. அதுக்குள்ள நீங்க ஒரு வழி காட்டாட்டி அவங்க எல்லாரையும் நிப்பாட்டிட்டு, போலீசுக்கும் நான்தான் கையெழுத்து வைக்கணும். எனக்கு மனசு வருதே இல்ல."

வேறு ஒன்றும் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை லயத்துக் கோயில் திருவிழா. முதல் கரகம் பாலாமணி தலையில்தான் ஏறும். "விசயம் தெளியட்டும், அதுவரைக்கும் பொறுங்க" என்று கோயில்காரர் நேற்றே சொல்லிவிட்டார்களாம். கள்ளி என்ற பேரோடு அம்மனுக்கு முன்னால் நிற்க எந்தப் பொம்பிளைக்கு முடியும்? அதைக் கேட்டதும் கஜீபனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

ஆறாம் குழிக்கு நடந்தார்கள். தர்சன் சொன்னதில் புல் மட்டும் உண்மை. அங்கே மட்டும் கால் புதைந்தது.

துஷாந்தினி முதலில் போனது புல்லுக்கு அல்ல, மெஷின் கொட்டிலுக்கு. மூடியைத் திறந்து பார்த்தாள். பெட்ரோல் நிறைய இருந்தது. பிளேட்டில் எண்ணெய் பூசி, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"சோம்பேறிகள் மெஷினுக்கு எண்ணெய் பூசுவாங்களா, கஜீபன்?"

"நான் பூசுறதில்ல."

"அதனாலதான் கேட்டேன்."

வாட்ச்சர் பொன்னையா கொட்டில் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. கொடியைப் பற்றி அல்ல. "அண்ணே, இந்த ரெண்டு சனிக்கிழமையும் அவங்க எப்படி இருந்தாங்க?"

பொன்னையா யோசித்தார். "அதை ஏன் கேக்குறீங்க? வழமையா பாலாமணி வாயைத் தொறந்தா மரத்துல குருவி தங்காது. ரெண்டு கிழமையும் ஒரு சத்தம் இல்ல. ரேடியோவும் போடல. கை மம்பட்டியோட குனிஞ்ச தலை நிமிரல. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

துஷாந்தினி தலையாட்டிவிட்டு மைதானத்துக்கு இறங்கினாள். குனிந்து குனிந்து எதையோ தேடினாள். புல்லுக்கு நடுவே சுட்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. குச்சி நட்டுப் பிடுங்கிய இடங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, பாலாமணியின் கல்வாழைப் பாத்தியை நடுவால் பிளந்துகொண்டு போனது. பின் வேலி அருகே வந்ததும் சட்டென்று மூலை திரும்பிக் குளத்தை நோக்கிப் போனது.

"ஸ்டோர் ரூமில கட்டுப் பிரிக்காம இருந்த கொடி," என்றான் கஜீபன். "கால் கடுக்குதுன்னு வெளியில வந்து நின்னுருக்கு போல."

"நல்லாச் சொன்ன." அவள் நிமிர்ந்தாள். "கூட்டிப் பாரு தம்பி. மெஷினை ஓட்டல. ரேடியோ போடல. சத்தமாப் பேசல. கடைசியில எல்லாருமா ஆத்துல போய்த் தலை முழுகிட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க. இதெல்லாம் சேர்ந்தா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்?"

கஜீபன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினான். "அக்கா, இது சாவு வீடு."

"ஆட்டோவை எடு."

பாலாமணி லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்த சத்தத்துக்கும் நிமிரவில்லை. சுளகுதான் முன்பைவிடப் பலமாக அடித்தது. "கிளப்பிலேருந்துன்னா வந்த வழியே போயிருங்க. நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

துஷாந்தினி படியில் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். யார் செத்தது, அக்கா?"

சுளகு நின்றது. பாலாமணி இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அதைத்தான் நானும் யார்கிட்டயாவது கேக்கணும்னு இருக்கேன்," என்றாள்.

அடைத்த மதகு திறந்த மாதிரி பிறகு எல்லாம் வந்தது. இரண்டு கிழமைக்கு முன் சனிக்கிழமை வேலைக்குப் போனால், மைதானத்தில் வரிசையாக வெள்ளைக் கொடி. சாவு வீட்டுக்குப் போகும் பாதையில் வெள்ளைக் கொடி நடுவது ஊர் வழக்கம், அதனால் பெரிய ஆள் யாரோ தவறிவிட்டார் என்று நினைத்தார்கள். கிளப்பில் கேட்க ஒரு கமிட்டிக்காரரும் இல்லை. அடக்கத்துக்குப் போயிருப்பார்கள் என்று தாங்களாகவே முடிவு கட்டினார்கள். சாவு விழுந்த இடத்தில் மெஷின் போட்டுச் சத்தம் பண்ணலாமா? கை மம்பட்டியால் முடிந்ததைச் செய்துவிட்டு வந்தார்கள். அடுத்த கிழமையும் கொடி அப்படியே நின்றது.

"அடக்கம் முடிஞ்சா கொடியை எடுத்துறணும் தங்கச்சி. விட்டு வச்சா அது அடுத்த ஆளைக் கூப்பிடும். பெரிய எடத்து ஆளுங்களுக்கு அது எங்க தெரியப்போகுது? பாவமேன்னு நாங்களே பிடுங்கிக் கட்டிக்கிட்டுப் போயி, ஆத்தோரம் பாறை இடுக்குல சொருகிட்டுத் தலை முழுகிட்டு வந்தோம். மழைத் தண்ணி வந்தா அடிச்சிட்டுப் போயிரும்னு. யாரோ எவரோ, அந்த ஆத்மாவுக்காக நான் அழுதும் போட்டேன்." அவள் சுளகைத் தள்ளி வைத்தாள். "அதுக்கு எனக்குக் கள்ளின்னு பேரு."

"இதை ஹாஜியார்கிட்ட ஏன் சொல்லல?"

"செக்ரட்டரி ஆளனுப்பி 'களவெடுத்ததைக் குடு'ன்னு கேட்டாரு. சாவுக் கொடியை எவனாச்சும் களவெடுப்பானா? கேட்ட வாய்க்கு ஒரு மரியாதை இல்ல. அப்படிப்பட்டவங்களுக்கு நான் ஏன் வெளக்கம் சொல்லணும்?"

மழை இன்னும் வந்திருக்கவில்லை. கட்டு பாறை இடுக்கில் அப்படியே இருந்தது. அதை எடுக்கிற வேலை கஜீபனுக்கு விழுந்தது. சாவுக் கொடி இல்லை என்று தெரிந்தும் அவன் இரண்டு விரலால்தான் தூக்கினான், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

"எல்லாம் கிளிசரிடியாக் குச்சி அக்கா. நம்ம மிளகுக்கொடி ஏத்துற அதே மரம். இதைக் கொழும்புலேருந்து எடுப்பிச்சாராமா? அடுத்தது தேங்காய் எடுப்பிப்பார்."

துஷாந்தினி ஒரு குச்சியை வாங்கிப் பார்த்தாள். கூராகச் சீவிய நுனியில் மண் காய்ந்திருந்தது. கணுவில் பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. கிளிசரிடியாவின் குணமே அதுதான். மண்ணில் குத்தினால் போதும், அது வேலியா விறகா என்று பார்க்காது, முளைத்துவிடும். ஸ்டோர் ரூம் இருட்டில் கிடந்த கட்டுக்கு இந்த முளை வராது.

"செக்ரட்டரி பொய் சொல்றார்," என்றான் கஜீபன்.

"அது அப்பவே தெரியும். பொய்னு காட்டினா 'பாலாமணிதான் எங்கயோ நட்டு வச்சாங்க'ன்னு சொல்லுவார். அவர் வாயாலயே வரணும்." அவள் பாலாமணி பக்கம் திரும்பினாள். "அக்கா, கொடி நின்ன இடமெல்லாம் ஞாபகம் இருக்கா? தம்பிக்குக் காட்டுறீங்களா?"

"வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"மிதிக்க வேணாம். ரோட்டுல நின்னு கையைக் காட்டுங்க. உங்க குரல் மலைக்கே கேக்குமாமே." பிறகு கஜீபன் காதில், "பின் வேலியோட போற வரிசையை மட்டும் அவங்க சொல்ற இடத்துல நடாத. வேலியைத் தாண்டி, அந்தப் பக்கத்து மிளகுத் தோட்டத்துக்கு நடுவால நடு."

"அது யாரோட தோட்டம்?"

"செக்ரட்டரியோடது."

"அடி விழுந்தா?"

"நீ ஓடிப் பழகினவன்தானே."

நாலு மணிக்குக் கமிட்டிக்காரர் எல்லோரும் ஆறாம் குழிக்கு வந்து நின்றார்கள். வெயில் தணிந்திருந்தது. மைதானம் முழுக்க வெள்ளைக் கொடி ஆடியது. வேலிக்கு வெளியே ரோட்டில் பாலாமணியும் லயத்து ஆட்களும் கூடியிருந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. தர்சன் கொடிகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போனான். ஆனால் சுதாரித்துக்கொண்டான்.

"வெரி குட் மெடம். கண்டுபிடிச்சிட்டீங்க. களவு களவுதான். சரி, பொன்னையா, எல்லாத்தையும் பிடுங்கி ஸ்டோர்ல வை."

"பொறுங்க," என்றாள் துஷாந்தினி. "ஹாஜியார், இதுல ஒரு சின்ன விசயம் இருக்கு. நாளைக்கு ஆக்கள் வந்து கல் நடுவாங்க. கொடி எங்க நிக்குதோ அங்கதான் கல். கொடிக்கு இந்தப் பக்கம் உள்ள நிலம் முழுக்க இனி வேற ஆளுக்கு. அதனால பிடுங்க முந்தி எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்குங்க."

ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஜீபனுக்கும்தான். விளங்கியது ஒரே ஒருவனுக்கு. தர்சனின் கண் கொடி வரிசையோடு ஓடியது. மேட்டில் ஏறியது, பாத்தியைக் கடந்தது, வேலிக்குப் போனது, வேலியைத் தாண்டியது. அங்கே அவனுடைய மிளகுத் தோட்டத்துக்கு நடுவில், காய்த்துக் குலுங்கும் கொடிகளுக்கு இடையே, வெள்ளைத் துணி படபடத்தது.

"ஏய்! என் தோட்டத்துக்குள்ள எவன்டா நட்டது? வேலிக்கு இந்தப் பக்கம்தானே நின்னுச்சு! நான் பக்கத்துல நின்னுதானே சர்வேயரை..."

பாதியில் நிறுத்தினான். நிறுத்தி என்ன? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

"கட்டுப் பிரிக்காத கொடி," என்றாள் துஷாந்தினி மெதுவாக, "வேலிக்கு எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொழும்புக் கொடி அக்கா," என்றான் கஜீபன். "போற வழியில லொகேஷன் அனுப்பியிருக்கும்."

மிச்சத்தை அவள் ஹாஜியாருக்குச் சொன்னாள். சாவுக்கு நடுகிற கொடி பாதையோடு வளைந்து வளைந்து போகும். நிலம் அளக்கிறவன் கொடி மட்டும்தான் பாத்தியும் பார்க்காமல் குளமும் பார்க்காமல் நேராகப் போய் மூலை திரும்பும். கிளப்பின் குத்தகை இந்த வருடத்தோடு முடிகிறது. "இனி நடத்த முடியாது" என்று கமிட்டி கைவிட்டால் நிலம் ஒரு ஹோட்டல்காரருக்குப் போகும், நடுவில் நின்று கைகாட்டியவருக்கு நல்ல பங்கு கிடைக்கும். அதற்காக ஆள் இல்லாத வெள்ளிக்கிழமை ஒன்றில் ரகசியமாக அளந்தார்கள். மறுநாள் வந்தவர்கள் அதைச் சாவுக் கொடி என்று நினைத்தார்கள், அடுத்த கிழமை பிடுங்கியும் போட்டார்கள். கொடி போனதை வெளியில் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை. சனிக்கிழமைக்காரர் இருக்கும்வரை மறுபடி கொடி நடவும் முடியாது, மைதானம் காடாகவும் போகாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று களவுக் கதையைக் கட்டினான் தர்சன்.

"செல்லு தம்பி, உண்மையா?" என்று கேட்டார் ஹாஜியார். தர்சன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவே பதில்.

ஹாஜியார் வேலி வரைக்கும் நடந்து போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பாலாமணி.

"எங்க மேலதான் பிழை. மன்னிச்சுக்கங்க."

பாலாமணியின் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "கள்ளின்னு சொன்னது லயம் முழுக்கக் கேட்டுச்சு, ஹாஜியார். மன்னிப்பு மட்டும் இந்தக் கம்பியோட நின்னா எப்படி?"

"நிக்காது. இன்னைக்கே வாறேன். கோயில் வாசல்ல நின்டு எல்லாருக்கும் முன்னால என் வாயாலயே செல்றேன்."

அதைக் கேட்டதும் பாலாமணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கரகத்தில் இனி ஒருவருக்கும் பேச்சில்லை. கஜீபன் வேறு பக்கம் பார்த்தான். துஷாந்தினியும் வேறு பக்கம்தான் பார்த்தாள்.

பொன்னையா கொடியைப் பிடுங்கப் போனபோது பாலாமணி அழுகையை நிறுத்தினாள்.

"தொடாதீங்கண்ணே! சாவே இல்லாம கொடி நட்டா, நட்டவன் கையாலதான் பிடுங்கணும். ஒண்ணையும் விடாமப் பிடுங்கி, தோள்ல சுமந்துக்கிட்டுப் போயி ஆத்துல விட்டுட்டு, உடுத்த துணியோட தலை முழுகிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். இல்லாட்டி அது நட்டவன் குடும்பத்துக்கு ஆகாது. அதுதான் முறை."

ஹாஜியார் தர்சனைப் பார்த்தார். கமிட்டி முழுவதும் தர்சனைப் பார்த்தது. அவன் சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் கொடிக்குக் குனிந்தான். கிளிசரிடியா அதற்குள் பிடித்துக்கொண்டதோ என்னவோ, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே ஒருத்தி சிரித்தாள். பிறகு லயமே சிரித்தது. தோள் நிறையக் கொடியோடு அவன் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

கஜீபன் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினான். "பெரியம்மா, நானும் இந்த மாத்தளையிலதான் பொறந்து வளந்தேன். இப்படி ஒரு முறை நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"நீ எப்படிக் கேள்விப்பட்டிருப்ப?" என்றாள் பாலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பத்தானே நான் அதைப் போட்டேன்."